லிஃப்டில் ஒட்டாத அறிவிப்பு

2019ஆம் ஆண்டு கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்த நாட்களில், நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு நாளைக்கு மூன்று தண்ணீர் லாரிகள் வந்துகொண்டிருந்தன. மாதப் பராமரிப்புத் தொகை இரண்டு மடங்காகியிருந்தது. மொட்டைமாடியில் நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, லாரிக் கணக்கைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். செயலாளர், கையிலிருந்த மைக்கை இறக்காமலேயே, "வாடகைக்கு இருக்கறவங்க கணக்கு கேக்க வேண்டாம்" என்றார். நாற்பது பேர் இருந்தார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஒன்றரை மாதம் நான் அந்த மொட்டைமாடியிலிருந்து இறங்கவே இல்லை. அலுவலகம் போனேன், மகளைப் பள்ளியில் விட்டேன், குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடங்களை நிரப்பினேன். எனினும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அந்த மைக்கும், அந்தச் சிரிப்பும், பதில் சொல்ல வாய் வராமல் மடங்கி உட்கார்ந்த என் முழங்கால்களும் வரிசை தப்பாமல் வந்து நின்றன. ஒவ்வோர் இரவும் அவருக்கு வேறு வேறு பதில் சொன்னேன். எல்லாமே நல்ல பதில்கள். ஒன்றுகூட அந்த மாலையில் என்னிடம் இருந்ததில்லை.

பதில்கள் தீர்ந்த பிறகு வேறொன்று தொடங்கியது. விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். பொழுதுபோக்காக வெண்பாவும் எழுதுவேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பைத் தயாரிக்கத் தொடங்கினேன். செயலாளர் தம் அறிவிப்புகளில் 'தண்ணீர்' என்பதை எப்போதும் 'தன்னீர்' என்றே எழுதுவார். 'இங்ஙனம்' என்பதை 'இங்கணம்' என்று போட்டு, அதன் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வைப்பார். லிஃப்டில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்புகளைக் கைபேசியில் படம் பிடித்து, எழுத்துருவைக் கண்டுபிடித்து, தலைப்பில் சங்கத்தின் பெயர் எவ்வளவு இடப்பக்கம் சரிந்திருக்கும் என்பதுவரை அளந்துகொண்டேன். வாசகம் இதுதான்: தமக்கு ஒரு லாரிக்குக் கிடைத்துவரும் கமிஷனை வரும் முதல் தேதியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரித்துத் தருவதாகவும், வாடகைதாரர்களும் இதில் அடக்கம் என்றும், அவரவர் பங்கைக் காவலாளியிடம் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளுமாறும் செயலாளரே பணிவுடன் தெரிவிக்கிறார். இங்கணம், மூன்று ஆச்சரியக்குறி.

அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. அவர் மறுத்தால் கமிஷன் என்ற சொல்லை அவரே நாற்பது பேர் முன்னால் மைக்கில் சொல்லவேண்டியிருக்கும். அந்த வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே மிக நேர்த்தியானது அதுதான் என்று இப்போதும் சொல்வேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வகைக் காரியத்துக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். ஆர்தர் கிராப்ளி, டேவிட் கிராப்ளி, ஜேம்ஸ் காஃப்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள், குற்றத்தையும் பயங்கரவாதத்தையும் பற்றி 2008இல் எழுதிய கட்டுரையில், பிறருக்குத் தீங்கு செய்யவேண்டும் என்ற நோக்கத்தோடே பயன்படும் படைப்பாற்றலைத் தனி வகையாக எடுத்துப் பேசினார்கள். தமிழில் 'தீங்கு நோக்கிய படைப்பாற்றல்' என்று சொல்லலாம். படைப்பாற்றல் என்றால் புதிதாகவும் பயனுள்ளதாகவும் இருக்கவேண்டும் என்பது பொதுவான இலக்கணம். யாருக்குப் பயன் என்று அந்த இலக்கணம் கேட்பதில்லை. ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று படைப்பாற்றல் சோதனைகளில் கேட்பார்கள். கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்பவருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியை உடைக்கலாம் என்பவருக்கும், எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒரே மதிப்பெண்தான்.

2016இல் நிங் ஹாவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அளக்க 13 வாசகங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். பிறரைக் காயப்படுத்துவது, பொய் சொல்வது, தந்திரம் செய்து ஏமாற்றுவது என அதில் மூன்று பிரிவுகள். ஆள் கடத்தலையும் வெடிகுண்டையும் எதிர்பார்த்து அதைப் படிக்கப் போனவனுக்கு அதில் தெரிந்தது, வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாம் எல்லோரும் என்றாவது செய்திருக்கக்கூடிய சின்னச் சின்னக் காரியங்கள்தான். என் அறிவிப்பு மூன்று பிரிவுகளிலும் இடம் பிடிக்கும்.

அறிவாளிக்குத் தீய எண்ணம் வந்தால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதவில்லை. எனக்கு இருந்த திறமை கூட்டத்துக்கு முந்தைய நாளும் இருந்தது. அப்போது அது பிஸ்கட்டுக்கும் சிமென்ட்டுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தது. இடையில் சேர்ந்தவை இரண்டு: இரவு இரண்டு மணியின் அந்த நினைவோட்டம் ஒன்று, தம்பி மற்றொன்று.

ஓட்டத்தை முதலில் சொல்கிறேன். இதற்குத் தமிழில் அசைபோடுதல் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் உளவியலார் வைத்திருக்கும் சொல்லும் மாட்டிடமிருந்து வந்ததே. ஆனால் மாடு அசைபோடுவது செரிப்பதற்காக. விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, அரைத்து, உள்ளே அனுப்பி, அந்த விஷயத்தை முடித்துவிடும். மனிதர்களின் அசைபோடுதலில் முடிவு என்பதே இல்லை. இதை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட சூசன் நோலன்-ஹோக்செமாவுக்கு ஒரு விசித்திரமான வாய்ப்பு கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு அவர் பதிவு செய்துவைத்த சில நாட்களிலேயே, 1989 அக்டோபர் 17 அன்று அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பிறகு அதே மாணவர்களை மறுபடியும் விசாரித்தபோது, மன உளைச்சலையே சுற்றிச் சுற்றி நினைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், நடுக்கம் நின்று வாரக்கணக்கான பிறகும் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். நிலம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது. சிலருக்கு உள்ளே ஆடுவது நிற்கவில்லை.

அது சோகத்தை அசைபோடுவது. கோபத்தை அசைபோடுவது இன்னும் ஒரு படி மோசம். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்து அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். பிறகு சிலரிடம், விமர்சித்தவரை மனத்தில் நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். வேறு சிலரிடம் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தச் சொன்னார்கள். மீதிப் பேரைச் சும்மா உட்காரவைத்தார்கள். 'கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடு' என்று நம் வீடுகளில் சொல்லும் அறிவுரை சரியென்றால் முதல் கூட்டம் ஆறியிருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குத்தான் கோபம் மிகுதியாக இருந்தது. பின்னர் பழிவாங்க வாய்ப்பு கொடுத்தபோது அதிகமாகப் பழிவாங்கியதும் அவர்களே. குறைவாகப் பழிவாங்கியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றை எழுத்துத் தொழில் செய்பவன் என்ற முறையில் நான் சேர்க்க விரும்புகிறேன். அசைபோடுதல் என்பது திருத்தி எழுதுதல். ஒரு வாசகத்தை நாற்பது முறை எடுத்துப் பார்த்தால் நாற்பதாவது முறை அது முதல்முறை இருந்தபடி இருக்காது. சொல் மாறும், ஓசை கூடும், வேண்டாதது உதிரும், வேண்டியது வந்து ஒட்டிக்கொள்ளும். அவமானத்துக்கும் அதுவே நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நான் நினைவுகூர்ந்துகொண்டிருந்ததாக நம்பினேன். உண்மையில் வரைவுமேல் வரைவு எழுதிக்கொண்டிருந்தேன். தீங்கு நோக்கிய படைப்பாற்றலின் முதல் படைப்பு அந்த அறிவிப்பு அல்ல. அதற்கு முன்பே ஒரு வில்லனை நான் படைத்து முடித்திருந்தேன்.

இனி தம்பி. கோயம்புத்தூரில் இருக்கிறான். என்மீது உயிரையே வைத்திருப்பவன். கூட்டம் நடந்த அன்று இரவே அவனிடம் போனில் சொன்னேன். "விடாதண்ணே" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டான். அதன் பிறகு ஒன்பது மணிக்கு அவன் அழைப்பது வழக்கமாகிவிட்டது. "கணக்கு காட்ட மாட்டேங்கறான்னா கமிஷன் அடிக்கறான்னுதாண்ணே அர்த்தம்" என்றான் ஒரு நாள். அடுத்த நாள் நான் அதைப் பேச்சோடு பேச்சாக, அந்த ஆள் கமிஷன் வாங்குகிறான் என்று சொன்னேன். "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல" என்றான். இப்படியாகக் கமிஷன் உறுதியாயிற்று. அறிவிப்பை அனுப்பியபோது மூன்று நிமிடம் சிரித்துவிட்டு, நண்பனின் அச்சகத்தில் அதே தாளில் அச்சிட்டுத் தருவதாகவும், என் வீட்டுப் பிரின்டரில் எடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்றும் சொன்னான். இதைவிட ஆதரவாக ஒரு கூடப்பிறந்தவன் இருக்க முடியாது.

ஒருவருக்குக் கிடைக்கும் ஆதரவை அளக்க 1988இல் சிமெட் என்பவரும் மற்றவர்களும் உருவாக்கிய 12 வாசகங்கள் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. அவற்றில் நான்கு குடும்பத்தைப் பற்றியவை: என் குடும்பம் எனக்கு உதவ உண்மையாகவே முயல்கிறதா, வேண்டிய மன ஆறுதல் வீட்டில் கிடைக்கிறதா, என் பிரச்சினைகளை அவர்களிடம் பேச முடிகிறதா, முடிவெடுக்கத் துணை நிற்கிறார்களா. அந்த ஒன்றரை மாதத்தில் என்னிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால், தம்பியை நினைத்து நான்குக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். துணை இருக்கிறது என்று அந்தத் தாள் சரியாகவே காட்டும். எதற்குத் துணை என்று காட்டாது.

வீட்டின் அரவணைப்பு இருப்பவர்கள் பொதுவாக வன்மத்தில் இறங்குவது குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் தனியாகப் புழுங்குகிறவனின் நிலைமை என்னுடையதைவிட எவ்வளவோ கொடியது. ஆனால் அரவணைப்பு என்பதை நாம் பெரும்பாலும் 'கட்சி சேர்வது' என்றே புரிந்துகொள்கிறோம். நம் பிள்ளையை ஒருவர் ஒன்று சொல்லிவிட்டால் போதும், வீடு முழுவதும் எழுந்து நிற்கும். சித்தப்பா ஒரு பழைய கதையை எடுப்பார், அத்தை அந்த ஆளின் அப்பாவைப் பற்றி எடுப்பார், இரவுச் சாப்பாடு முடிவதற்குள் எதிராளிக்கு மூன்று தலைமுறைக் குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். இதற்கு ஊரில் தூபம் போடுவது என்று பெயர். அமெரிக்காவில் அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று இதற்கு மிக அருகில் வருகிறது. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து பேசும் தோழமைகளில் நெருக்கம் கூடியது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. சேர்ந்து அசைபோடுதல் என்று அதைச் சொல்லலாம். நெருக்கம் கூடுவதுதான் அதன் சிக்கல். தம்பியும் நானும் அத்தனை வருடங்களில் அவ்வளவு பேசியதே இல்லை. செயலாளருக்கு அந்த வகையில் நன்றி சொல்லவேண்டும்.

அச்சிட்ட தாள் கூரியரில் வந்து சேர்ந்த அன்று, மதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லையென்றால் மதிப்பெண் போடாதவள். அவளிடமும் பாராட்டு வாங்கிவிடலாம் என்று தாளை நீட்டினேன். படித்தாள். 'இங்கணம்' வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவரு அன்னைக்கு என்ன சொன்னாரோ, அதை அவரு வார்த்தையிலயே சொல்லு பாப்போம்" என்றாள்.

"சொந்த வீடு வாங்க வக்கில்லாதவங்க எல்லாம் கணக்கு கேக்க வந்துட்டாங்கன்னாரு" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து, "வக்கில்லாதவங்கன்னு அவர் சொல்லலையேங்க" என்றாள். அவளும் கூட்டத்தில் என் பக்கத்திலேயே இருந்தவள். "வாடகைக்கு இருக்கறவங்க கேக்க வேண்டாம்னுதான் சொன்னார். அதுவே தப்புதான். ஆனா இதைச் சொல்லலை."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குரல் என் காதில் அப்படியே இருந்தது. 'வக்கு' என்ற சொல்லில் அவர் கொடுத்த அழுத்தம்கூட நினைவிருந்தது. நடக்காத ஒன்றின் ஓசை எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். அது நான் எழுதிய வாசகம். என் தொழில் அது.

அக்கா அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தாள். "கமிஷன்னு யாரு சொன்னா?" தம்பி என்றேன். "அவனுக்கு யாரு சொன்னா?" நான் பதில் சொல்லவில்லை. "ஸ்டெப்ஸே இல்லையேடா" என்றாள்.

அவள் மன்னித்துவிடு என்றோ, போனால் போகிறது என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றிரவே தாளை லிஃப்டில் ஒட்டியிருப்பேன். அவமானப்பட்டவனிடம் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று சொல்லும் குடும்பம், தூபம் போடும் குடும்பத்தைவிட மேலானதென்று எனக்குத் தோன்றவில்லை. நடந்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, எது நடந்தது என்பதை மட்டும் அவள் திருத்தினாள். பிறகு, வாடகைதாரர் கேட்டால்தானே மறுக்கிறார்கள், வீட்டு உரிமையாளர் பெயரில் எழுதிக் கேள் என்று யோசனை சொன்னாள். உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இரண்டு தாளில் ஒரு கணக்கு வந்தது. அதில் கமிஷன் இருந்ததா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. செயலாளர் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

பழிவாங்க எழுத்தைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. எந்த எழுத்தில் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்குக் கேடு வரும் என்று பாட்டியல் நூல்கள் நச்செழுத்துகளுக்கு இலக்கணமே வகுத்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் தெள்ளாற்றில் வென்ற பல்லவன் மூன்றாம் நந்திவர்மன், தன்மீது பாடப்பட்ட கலம்பகத்தைப் பந்தல் பந்தலாக இருந்து கேட்டு, கடைசிப் பந்தலில் சிதையேறி மாண்டான் என்ற கதை தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அது வரலாறு அல்ல, கதை. ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்கள், பாட்டில் நஞ்சு வைத்தவன் பகை நாட்டுப் புலவன் என்று சொல்லவில்லை. அரசுரிமையில் மனம் புழுங்கிய மாற்றாந்தாய் வழித் தம்பி என்றார்கள். வன்மமும் கவித்திறமும் எந்த வீட்டில் சந்திக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் என்னை அதிகம் அலைக்கழித்தது இன்னொரு வீட்டின் கதை. தியோடர் கசின்ஸ்கி, 1942இல் சிகாகோவில் பிறந்தவர். 16 வயதில் ஹார்வர்டு சென்ற கணித மேதை. பெர்க்லியில் உதவிப் பேராசிரியராக இருந்து 1969இல் வேலையை உதறியவர். மொன்டானா மாநிலக் காட்டோரத்தில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத, பத்தடிக்குப் பன்னிரண்டடி மரக்குடிசையில் தனியாக வாழ்ந்தவர். 1978 முதல் 1995 வரை 16 வெடிகுண்டுகளை, பெரும்பாலும் அஞ்சல் வழியாக, அனுப்பியவர். 3 பேர் இறந்தார்கள். 23 பேர் காயமடைந்தார்கள். யூனபாமர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும்.

குண்டுகளை விட்டுவிடுகிறேன். 1978இல் அவர் சிகாகோ பக்கம் திரும்பிவந்து, தந்தையும் தம்பி டேவிடும் வேலை செய்த ஃபோம் வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஒரு பெண்ணோடு ஓரிரு முறை வெளியே போனார். அந்தப் பெண் அதற்குமேல் பழக விரும்பவில்லை. உடனே கசின்ஸ்கி அவரை இழிவுபடுத்தி ஐந்தடி நையாண்டிப் பாட்டுகள் எழுதித் தொழிற்சாலையில் ஒட்டத் தொடங்கினார். தம்பியும் அங்கே மேற்பார்வையாளர்தான், நிறுத்தச் சொன்னார். அண்ணன் நேராகத் தம்பி நின்ற இயந்திரத்துக்கு வந்து, அவர் கண் முன்னாலேயே இன்னொன்றை ஒட்டினார். தம்பி அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஐந்தடிப் பாட்டுக்கும் என் அறிவிப்புக்கும் வகையில் வேறுபாடு இல்லை என்பது ஒன்று. என் தம்பியாக இருந்திருந்தால் அச்சிட்டுக் கொடுத்திருப்பான் என்பது இன்னொன்று. இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அந்தப் பாட்டுகளுக்கு முன்பே அவரது முதல் குண்டு வெடித்திருந்தது, அவருக்குக் கடுமையான மனநோய் இருந்ததாக நீதிமன்றத்துக்காகப் பரிசோதித்த மருத்துவர் சொன்னார், அவர் அதை ஏற்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் குடும்பத்தின் நிலைமை. பெற்றோர் பணம் அனுப்பினார்கள், கடிதம் எழுதினார்கள். தம்பி அண்ணனைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தவர். பதிலுக்கு அண்ணனிடமிருந்து வந்தவை, தம் இளமையைப் பாழாக்கியதாகப் பெற்றோரைக் குற்றஞ்சாட்டும் கடிதங்கள். ஒரு கட்டத்தில், அவசரச் செய்தி என்றால் மட்டும் அஞ்சல்தலைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், மற்றதை நான் பிரிக்கமாட்டேன் என்று ஏற்பாடு செய்துவிட்டார். 1990இல் தந்தை இறந்த செய்தி அந்தச் சிவப்புக் கோட்டோடு போயிற்று.

இவர்களைப் பார்த்து ஆதரவு இல்லாத குடும்பம் என்று யார் சொல்ல முடியும்? ஆதரவு வாசல்வரை வந்து நின்றது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்துக்குள் நுழைந்து, 'எது நடந்தது, அதே வார்த்தையில் சொல்' என்று கேட்க எந்தக் கடிதத்துக்கும் வழியில்லாமல் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அசைபோடுகிறவன் முதலில் துரத்துவது பகைவனை அல்ல, குறுக்குக் கேள்வி கேட்கக்கூடியவரை. நானும் அக்கா வந்த அன்று, தாளைக் காட்டுவதற்கு முன், அவள் சிரிப்பாள் என்று உறுதிசெய்துகொண்டுதான் காட்டினேன்.

முடிவில் அந்த ஓட்டத்தை நிறுத்தியதும் வீடுதான், மிகக் கசப்பான முறையில். 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், பெயரை மறைத்து அவர் அனுப்பியிருந்த 35,000 சொல் அறிக்கையை வெளியிட்டது. அதற்கு முன்பே, செய்திகளில் வந்த விவரங்களை வைத்துச் சந்தேகத்தைக் கிளப்பியவர் டேவிடின் மனைவி லிண்டா. அறிக்கையைப் படித்த டேவிட், அண்ணனின் பழைய கடிதங்களில் தாம் கண்ட சொற்றொடர்களை அதில் கண்டார். திரும்பத் திரும்ப ஒன்றையே எண்ணுகிறவருக்குத் திரும்பத் திரும்ப ஒரே நடைதான் வரும். அதை ஒரு தம்பியைத் தவிர யார் அடையாளம் காண முடியும்? அவர் புலனாய்வுத் துறைக்குத் தகவல் கொடுக்க, 1996 ஏப்ரல் 3 அன்று அண்ணன் கைது. டேவிட் தமக்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் வெகுமதியில் பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ஒதுக்கினார். அண்ணன் 2023இல் சிறையில் இறந்தார்.

என் தம்பியிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "அப்ப என்னண்ணே, நான் உன்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருக்கணுமா?" என்றான். அவனுக்கு இன்னமும் அந்த அறிவிப்பு வீணாய்ப் போனதில் வருத்தம்.

போன பொங்கலுக்கு அக்கா மகன் வந்திருந்தான். பெங்களூரில் வேலை. மேலாளர் தன்னை அசிங்கப்படுத்திவிட்டதாகவும், அந்த ஆளின் குரலைக் கணினியில் அச்சு அசலாக உருவாக்கி ஒரு குரல்பதிவு செய்திருப்பதாகவும் சொல்லி, என்னிடம் மட்டும் போட்டுக் காட்டினான். நான் சிரித்தேன். மிக நன்றாக இருந்தது. மேலாளர் தம் மேலதிகாரியைப் பற்றி உளறுவதுபோல, இருமலோடு, இடையில் தேநீர் உறிஞ்சும் சத்தத்தோடு. அந்த இருமலை எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் யாராகிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஒன்பது மணிக்குப் போன் செய்யும் தம்பிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

சமையலறையிலிருந்து அக்கா, "அந்த ஆளு என்ன சொன்னாருன்னு கேட்டியாடா?" என்றாள். கேட்கவில்லை. கேட்டேன். அவன் மூச்சுவிடாமல் ஒரு பத்தி பேசினான். நேரில் சொன்னதா என்றேன். இல்லை மாமா, மெயில் என்றான். எடு என்றேன்.

தேடி எடுத்தான். மூன்று வரி. இரண்டாவது வரி உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது, யாருக்கு நகல் வைப்பது என்று மூவரும் உட்கார்ந்து பேசியதில் தோசை ஆறிப்போய்விட்டது.